வால்வில் ஒட்டிய பிசின்

என் மனைவி சென்ற ஆண்டு காலமானாள். காரணம் இதயம் அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு கோடையில் அந்த இதயத்துக்காகப் போராடி வென்றவர்கள் நாங்கள்.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆசிரியன். அவளுடைய பிறந்த வீடு பெருமாட்டி என்னும் ஊர்ப் பக்கம். சிறுவயதில் கண்ட மூட்டுவாதக் காய்ச்சல் அவளது இதய வால்வொன்றில் தழும்பை விட்டுச் சென்றிருந்தது. பொங்கலுக்குப் போனவள், வீங்கிய ஈறோடு கரும்பைப் பல்லால் உரித்துத் தின்றாள், ஈறு கிழிந்தது. சில வாரங்களில் விட்டுவிட்டுக் காய்ச்சல்.

அவளுடைய இரத்தத்தில் நான் கண்டது, கிழிந்த ஈறு வழியே புகுந்த, எல்லோர் வாயிலும் குடியிருக்கும் சாதுவான பாக்டீரியா. அதனிடம் கொடிய நஞ்சு கிடையாது. சர்க்கரையிலிருந்து பிசின் செய்து ஒட்டிக்கொள்வதே அதன் வல்லமை. தழும்பேறிய வால்வில் அது ஒட்டியதும், மேலே இரத்தம் உறைந்து திரையாகும். திரைக்குள் வெள்ளணுக்கள் எளிதில் நுழையா. மருந்தும் மெல்லத்தான் ஊறும்.

கல்லூரி மருத்துவமனையில் சேர்த்துப் பெனிசிலின் ஊசி தொடங்கிய சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. அங்கேதான் சிக்கல். காய்ச்சல் விட்டால் மகள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, காப்புக் கட்டுவாள் என்று மாமியார் வேண்டியிருந்தார். காப்புக் கட்டியவர் நோம்பி முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. அங்கே ஊசிக்கு வழியில்லை. இடையில் ஊசி நின்றால், மிஞ்சிய கிருமிகள் பெருகி வால்வை அரித்துவிடும்.

"காச்சல்தான் உட்டுருச்சுங்களே மாப்பிள்ளை. ஆத்தாகிட்ட வாக்குக் குடுத்தாச்சு. இன்னும் எதுக்குங்க ஊசி?"

அவளிடமிருந்து எடுத்த பாக்டீரியாவைச் சர்க்கரை நீரில் வளர்த்து, மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குழாயொன்றைக் கொண்டுசென்று குலுக்கிக் காட்டினேன். நீர் சுழன்றது, கண்ணாடியில் படிந்த வெண்படலம் அசையவில்லை.

"உள்ளயும் இதாட்டத்தான் ஒட்டிக்கிட்டிருக்குதுங்க அத்தை."

"குழாயக் கழுவாம வெச்சுப்போட்டு எம்புள்ளையச் சொல்றீங்களாக்கு!"

மனைவி சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா, நோம்பி வருசாவருசம் வருது. அடுத்த நோம்பிக்கு நா இருக்கோணுமல்ல? ஊசி முடியாம நா வரல."

"ஆத்தாகிட்ட நீயே சொல்லிக்க" என்று மாமியார் பேருந்து ஏறினார்.

வாரக்கணக்கில் ஊசி தொடர்ந்தது. நிறுத்திய பிறகும் மீண்டும் மீண்டும் இரத்தம் எடுத்து வளர்ப்புக்கு வைத்தேன். கிருமி இருந்தால் புட்டி கலங்கும். கடைசிப் புட்டியும் கலங்காமல் நின்ற காலையில், கல்லூரி நடைக்கூடத்தில் வாழ்நாளில் முதன்முறையாக ஓடினேன். அவள் படுக்கையருகே போய்த்தான் நின்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, இப்பிடி மூச்சு வாங்குது? உங்களுக்கும் வால்வு போச்சுங்களா?"