பலகையில் ஊற்றிய பூசைத் தண்ணீர்

"தண்ணியில ஓடப்போற போட்டுதானே மச்சான், தண்ணி பட்டா என்ன லா?"

இந்தக் கேள்வியை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டது என் தங்கையின் கணவர்; நானும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு தடவை அல்ல, அந்த ஒரு மாதத்தில் குறைந்தது பத்துத் தடவை. லோரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். கம்பெனியை இழுத்து மூடியதும், வாரக் கடைசியில் தூண்டில் போட வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகலாம் என்று போர்ட் கிள்ளானில் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கிப் போட்டார். வருகிறவர்களுக்குப் படகிலேயே சோறும் தேநீரும் தங்கை பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இரண்டு பேர் பிழைப்பும் அந்தப் படகில்தான். படகின் உள்தரை மட்டும் உளுத்துப் போயிருந்தது. அதை மாற்றித் தர என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கொட்டகை வைத்து அடுப்படி அலமாரி செய்துகொண்டிருந்தவன். ஏழெட்டு வருடமாகப் படகு வேலையும் செய்கிறேன். பிளைவுட் பலகையை வெட்டி, ஆறு பக்கமும் தண்ணீர் புகாதபடி எபோக்சிப் பசை பூசி, காயவைத்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் வேனில் கிள்ளானுக்கு ஓடினேன். சிரமம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான். எந்தப் பழைய படகும் நேராக இருப்பதில்லை. கொட்டகையில் கச்சிதமாக வெட்டியது படகில் உட்காராது. ஓரத்தை இழைத்து இழைத்துத்தான் இறக்க வேண்டும். இழைத்த இடத்தில் பூச்சு போய்ப் பச்சை மரம் தெரியும். பிஸ்கட் தேநீரைக் குடிப்பது மாதிரி அந்த ஓரம் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் எல்லாப் பலகையையும் ஸ்குரூ போடாமல் பொருத்திப் பார்த்து, மறுபடி வெளியே எடுத்து, ஓரங்களையும் ஸ்குரூ ஓட்டைகளையும் மூன்று தடவை பூசி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிரந்தரமாக வைப்பேன். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்தான் மரத்தை மோசமாக உளுக்க வைக்கும் என்று மச்சானிடம் சொன்னேன். நல்ல தண்ணீர் எப்படிக் கெடுக்கும் என்று சிரித்தார்.

தினமும் மூன்று மணிக்கு வானம் கறுத்துவிடும். படகுக்கு மேலே கான்வாஸை உயர்த்திக் கட்டி, காற்றுப் போக இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தேன். செருப்போடு ஏறினால் சத்தம் போடுவேன். மச்சான் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீரோடு படகுக்குள் வந்தார். பை வியர்த்துச் சொட்டுகிறதே என்று கையிலிருந்து பிடுங்கி, படகு கட்டியிருந்த ஆற்றில் கொட்டினேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை எட்டுப் பலகையும் பொருந்திவிட்டன. எபோக்சி தீர்ந்துபோனதால் மறுநாள் கொட்டகைக்குப் போய் எடுத்துவருகிறேன், பகலுக்கு மேல்தான் வருவேன், ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மச்சான் சட்டென்று சரி என்றார். எதற்கும் இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சரி சொல்லாத மனிதர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாலையில் நெரிசல் இல்லை. பத்தரைக்கே வந்துவிட்டேன். படித்துறையில் கால் வைக்கும்போதே கற்பூர வாசனை. இன்ஜினுக்குக் குங்குமம் வைத்து, முன்பக்கம் தேங்காய் உடைத்திருந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். படகு குளிரட்டும் என்று ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை முன்னாலிருந்து பின்னால்வரை ஊற்றியிருந்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மஞ்சளாகத் தேங்கி நின்றது. நான் பழைய துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். தங்கையின் மாமியார் தடுத்தார்.

"தம்பி, தொடைக்காதீங்க. சாமி தண்ணி, தானா காயட்டும்."

தங்கை என் பக்கத்தில் வந்து, "நீ இப்ப வருவேன்னு தெரியாதுண்ணே, கோவிச்சுக்காத" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. எங்கள் அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கொள்ளி வைத்த மகனுக்குத் தலைத்திவசம் வரை நல்ல காரியம் கிடையாது. கட்டிக்கொடுத்த மகளுக்கு மூன்று நாளோடு தீட்டுப் போய்விடும். அதனால் நான் இல்லாத நேரமாகப் பார்த்துப் பூசை வைத்திருக்கிறார்கள். வராதே என்று என் முகத்துக்கு நேரே சொன்னால் மனம் நோகுமாம். ஒரு மாதமாக அந்தத் தரையை இழைத்த கைக்குத் தீட்டு இல்லை, பக்கத்தில் நின்று கும்பிட்டால்தான் தீட்டு. சொல்லியிருந்தால் நானே ஒதுங்கியிருப்பேன். நாலு நாள் தள்ளி வையுங்கள், பூச்சு காயட்டும் என்று மட்டும் சொல்லியிருப்பேன். ஒரு போன் போதும்.

எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் அன்றைக்குக் கத்தவில்லை. துணியை வேனில் எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் சவாரி பேசியாகிவிட்டது என்றார் மச்சான். ஒரு வாரமாவது காய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. சனியும் ஞாயிறும் மழை. திங்கட்கிழமை பலகைகளைத் தூக்கி ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. உள்ளே ஈரம். அதன்மேல் எபோக்சியைப் பூசினால் ஈரம் உள்ளேயே கிடந்து அழுகும் என்று இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவனுக்கும் தெரியும். பூசினேன். மூன்று தடவை, வழுவழுவென்று, குறையே சொல்ல முடியாதபடி பூசினேன். உங்கள் சாமித் தண்ணீரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பூசினேன்.

ஆறு மாதம் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போன தங்கையின் கால் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கிவிட்டது. கீழேயிருந்த சட்டத்தின் விளிம்பு முன்னங்காலைக் கிழித்துவிட்டது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் பார்க்கப் போனபோது வாசலிலேயே மாமியார் என்னை நிறுத்தினார். அப்பன் செத்து வருசம் திரும்பாத கை பட்ட படகு, வேறு எப்படி ஆகும் என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். மச்சான் அவர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. நேரே படித்துறைக்குப் போனேன். உடைந்த பலகையை நெம்பி எடுத்தேன். மேலே பூச்சு பளபளவென்று இருந்தது. நடுவில் கறுத்து, விரலால் அழுத்தினால் கூழாக வந்தது. தண்ணீர் தேங்கி நின்ற அதே ஓரம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பிப் போய், பாருங்கள், கை பட்டதா தண்ணீர் பட்டதா என்று கேட்டுக் கூடத்தின் நடுவில் போட்டேன். மாமியார் உள்ளே போய்விட்டார். மச்சான் அவர் பின்னாலேயே போனார்.

தங்கை ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குனிந்து அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பூச்சு எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். என் வேலை அவளுக்குத் தெரியும்.

"பூசும்போதே இது ஈரம்னு ஒனக்குத் தெரியுமாண்ணே?"

மாமியாருக்கும் மச்சானுக்கும் சொல்ல வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். இவளுக்கு என்று ஒன்றும் கொண்டுவரவில்லை. தெரியும் என்றேன்.

"அதுமேல நான்தான் நிப்பேன்னும் தெரியும்ல?"

அதுவும் தெரியும். குனிந்து அந்தப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.