கிதாரில் வைத்த சந்தனம்

பிறர் பொருளைப் பாதுகாப்பில் வைத்திருப்பவர், அதற்குச் சேதம் நேர்ந்தால் உரியவருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர் அனுமதியின்றித் தாமே பழுதுபார்க்கக் கூடாது. தணிக்கை வேலையில் இருந்தவரை, இந்த விதியைக் காட்டி நான் விளக்கம் கேட்காத ஸ்டோர் கீப்பர் நாமக்கல் பக்கம் குறைவு.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சில மாத வெளிநாட்டு வேலை வந்தது. இருவரும் கிளம்பும்போது அவர் தன் கிதாரை என் கையில் கொடுத்தார்.

"உங்ககிட்ட இருந்தா பத்திரமுங்க மாமா."

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் லாரி முதல் அரிவாள்மணை வரை எதற்கும் பொட்டு உண்டு. கிதாரை விட்டால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு என்று, தந்திகளுக்கு அடியில் விரல் பதிக்கும் பலகையில் கட்டத்துக்கு ஒன்றாகச் சந்தனம் வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது பார்த்தால், சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஈரத்துணி போதுமாயிருந்திருக்கும். நான் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மூன்றாவது கட்டத்தில், குறுக்குக் கம்பியை ஒட்டி, அரிசி அளவு மரச்சில்லு பெயர்ந்து எங்கோ தெறித்தது.

கைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்து மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. பழுதுபார்ப்பது எப்படி என்று வீடியோ பார்த்தேன். பழைய ஈட்டி மர நாற்காலியின் அடியை உப்புத்தாளால் தேய்த்துத் தூள் எடுத்தேன். அதைப் பள்ளத்தில் அடைத்து, உடனே ஒட்டும் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காய்ந்ததும் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை கிதாரை மடியில் வைத்து வாசித்தார். விரல் அங்கே நின்றது. மறுபடி தடவினார்.

"இதுக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா மாமா?"

"ஒண்ணும் ஆகலீங்க மாப்ளை. மரம்னா வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்."

மார்கழியைத் தாண்டி வந்த கிதாருக்கு நான் வெயிலைக் காரணம் சொன்னேன். அவர் அதை உறையில் போட்டு, தாங்கள் குடியிருக்கும் பெங்களூருக்குக் கையோடு எடுத்துப் போனார்.

"ஊருக்கெல்லாம் மெமோ குடுத்தீங்க, உங்களுக்கு யாருங்க குடுக்கறது?" என்றாள் மனைவி.

மாசியில் ஒருவழியாகச் செய்தி ஒன்றை எழுதினேன். 'பராமரிப்பின்போது சிறு சேதம் ஏற்பட்டுவிட்டது' என்று இருந்ததை மனைவி படித்துவிட்டு, "யாரு பேத்தாங்கன்னே இல்லீங்களே இதுல?" என்றாள். அழித்துவிட்டு எழுதினேன்: நான்தான் பெயர்த்தேன். கேட்டபோது பொய் சொன்னேன்.

அவர் படித்துவிட்டார் என்று கைபேசி காட்டியது. பதில் இல்லை. மகள் போனில் பேசும்போதெல்லாம் நான் மோட்டார் போடப் போய்விடுவேன்.

தலை ஆடிக்கு இருவரையும் அழைத்தோம். மகள் மட்டும் வந்தாள். அவருக்கு லீவு இல்லையாம். அவளும் அம்மாவும் காவிரிக்குப் போன பிறகு, தனியாக இருந்தபோது கைபேசியில் மாப்பிள்ளையின் செய்தி வந்தது.

'விரல் வெச்சப்பவே தெரிஞ்சுதுங்க மாமா. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் கேட்டேனுங்க.'

மாசியில் எழுதியதற்குப் பதில் வந்த அன்று ஆடிப் பதினெட்டு.