மீன் விடாத தொட்டி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குச் சொட்டு என்று பெயர். முன்மண்டை வழுக்கையைப் பார்த்து வைத்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதுவும் பொருத்தம்தான், ஆனால் காரணம் வேறு. கண்ணாடிக் குழாயில் மருந்து விடும்போது உதடு அசைய ஒவ்வொரு சொட்டாக எண்ணுவார். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் அவ்வளவையும் கொட்டிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். இருபத்தாறு வருஷம் இப்படியே போயிற்று. கல்யாணம் கூடி வரவில்லை. தம்பி வீட்டில், மாடிப்படியை ஒட்டிய அறையில் இருந்தார்.

ஐம்பத்தோரு வயதில் அவருக்கு மீன் ஆசை வந்தது. மூன்றடித் தொட்டி வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்தார். மணல் போட்டு, தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டார். மீன் மட்டும் வாங்கவில்லை.

"மீன் எங்க மாமா?" என்றாள் தம்பி மனைவி.

"ஆறு வாரம் ஆகும்மா. மீன் கழிவுலேருந்து அம்மோனியா வரும். அது விஷம். அதைத் தின்னுற கிருமி முதல்ல வடிகட்டிப் பஞ்சுல வளரணும். அது அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். அதைத் தின்ன இன்னொரு கிருமி வரணும். அதுவரைக்கும் மீனுக்குப் பதிலா நானே பாட்டில்லேருந்து அம்மோனியா விட்டுக்கிட்டிருக்கணும்."

அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் வேடிக்கை. "எல்லாரும் மீன் வளர்ப்பாங்க, நாங்க கிருமி வளர்க்கிறோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் அவர் காதில் விழும்படி, "குடித்தனம் பண்ணாத மனுஷன் கட்டின வீடு. குடிவர ஆள் எங்க கிடைக்கும்?" என்பாள்.

தம்பியும் சேர்ந்து சிரிப்பான். அவள் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் சொட்டுவைச் சுட்டது. பள்ளிக்கூடத்தில் அவனைக் கேலி செய்தவர்களைத் தேடிப் போய் அடித்துவிட்டு வந்தவர் அவர்.

இருபத்துநாலாம் நாள் சோதித்தபோது அம்மோனியா இறங்கத் தொடங்கியிருந்தது. நைட்ரைட் குழாயோ கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. முதல் கிருமி வந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லை. தொட்டி பாதி வழியில் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் வழக்கம்போல அம்மோனியா விட்டுவிட்டு அரைநாள் வேலைக்குப் போனார். தம்பிக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. மேலாளரையும் கூட வேலை செய்கிறவர்களையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். காலித் தொட்டி கௌரவக் குறைச்சல் என்று பட்டதோ என்னவோ, அண்ணன் தலை மறைந்ததும் இருபது வண்ண மீன்களை வாங்கிவந்து கொட்டிவிட்டான்.

ஒரு மணிக்குச் சொட்டு திரும்பியபோது இருபதும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பாருங்களேன், நம்மளப் பாத்ததும் மேல வருதுங்க!" என்று ஒருவர் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டார்.

"தம்பி, உடனே தண்ணி மாத்தணும்டா. செத்துடும்."

"வந்தவங்க முன்னாடி வாளியத் தூக்கிட்டு அலையப்போறியா? பேசாம உள்ள போண்ணே."

தம்பி மனைவி மேலாளரின் மனைவி பக்கம் திரும்பினாள். "ஒண்டிக்கட்டை பாருங்க, எதையாவது கட்டிக்கிட்டு அழணுமில்ல?" எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு சாப்பிடப் போனார்கள். இருபது நிமிஷம் கூடத்தில் யாரும் இல்லை. சொட்டுவின் குளியலறையில் முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீர் இரண்டு வாளி இருந்தது. அலமாரியில் உப்புப் பொட்டலம் இருந்தது. இரண்டு கைப்பிடி உப்பு போட்டால் நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறுவது குறையும். பொட்டலத்தை எடுக்கவும் செய்தார். உள்ளேயிருந்து மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். நாற்காலியை இழுத்துத் தொட்டி அருகே போட்டு உட்கார்ந்தார்.

கை துடைத்துக்கொண்டு அவர்கள் வந்தபோது மூன்று மீன்கள் மணலில் சாய்ந்து கிடந்தன.

"என்னங்க ஆச்சு?" என்றார் மேலாளர்.

சொட்டு, பரிசோதனை முடிவைப் படிக்கும் குரலில் சொன்னார். "மூச்சு முட்டுதுங்க. தண்ணியில காத்து இருக்கு, ரத்தம்தான் அதை எடுத்துக்காது. ரத்தம் காப்பித்தூள் நிறமாயிருக்கும். அந்தச் சிவப்பு வாலு பத்து நிமிஷம் தாங்கும். பக்கத்துல இருக்கிறது அதுக்கு முன்னாடியே போயிடும்."

சொன்னபடியே போயிற்று. அடுத்ததையும் சொன்னார், அதற்கடுத்ததையும் சொன்னார். மேலாளரின் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். மூன்று மணிக்குள் வீடு காலி.

தம்பி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். "உன்னால காப்பாத்தியிருக்க முடியாதாண்ணே?"

"முடியும். ரெண்டு வாளித் தண்ணி, ரெண்டு கைப்பிடி உப்பு."

"அப்ப ஏன்..."

"நீதானே உள்ள போகச் சொன்னே."

தம்பி முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வலையை எடுத்து இருபதையும் தானே அள்ளிச் செய்தித்தாளில் சுற்றினான். சொட்டுவுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படி இருந்ததே என்பதுதான் பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

பத்து நாள் கழித்து, தரையைப் பார்த்தபடி, "வேற இடம் பாத்துக்கோண்ணே" என்றான் தம்பி. பஞ்சு காய்ந்தால் கிருமி செத்துவிடும் என்று அதை வாளித் தண்ணீரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். புது அறைக்கு வந்த தொட்டியில், ஆரம்பித்ததிலிருந்து நாற்பத்திரண்டாம் நாள் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. மீன் கடைக்குப் போனார். "எத்தனை வேணும் சார்?" என்று கடைக்காரர் வலையை விட்டதும் மீன்கள் கலைந்து மேலே ஏறின. "அப்புறம் வர்றேன்" என்று திரும்பிவிட்டார்.

தொட்டியைப் பரிசோதனைக் கூடத்து வரவேற்புப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவள் விட்ட மீன்கள் குஞ்சு போட்டுவிட்டன. ஒருநாள் வந்து பார்க்கச் சொல்கிறாள். "வர்றேம்மா" என்கிறார். போகவில்லை. தம்பியைத் தெருவில் பார்ப்பதுண்டு. அவன் வண்டியின் வேகத்தைக் குறைப்பதில்லை.