குரலை எண்ணிய டூர் அக்கா

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், மூடியிருக்கும் மருந்துக்கடை வாசலில், விடிவதற்குச் சற்று முன் ஒரு வேன் வந்து நிற்கும். உள்விளக்கு மட்டும் எரியும். குளித்துத் தலை காயாத பெண்கள் பதினெட்டுப் பேர் கொட்டாவி விட்டபடி உள்ளே உட்கார்ந்திருப்போம். ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். முதல் இருக்கையிலிருந்து "ஒன்னு" என்று ஒரு குரல் வரும். பிறகு "ரெண்டு", "மூணு" என்று அவரவர் எண்ணை அவரவர் சொல்ல வேண்டும். "பதினெட்டு" என்று கடைசிக் குரல் வந்த பிறகுதான் அவர் கண்ணைத் திறப்பார். "போலாங்க அண்ணா" என்பார் ஓட்டுநரிடம். வண்டி நகரும்.

அவரை நாங்கள் டூர் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கணவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமையில், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்து அக்கா ஒருநாள் பயணம் அழைத்துப் போவார். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, மேல்மருவத்தூர், சில சமயம் மகாபலிபுரம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்களில் பாதிப் பேரிடம் செல்போன் கிடையாது. வீட்டு ஆண்களின் துணை இல்லாமல் ஊர் தாண்டிப் போவது என்பதே எங்களில் பலருக்குப் புதிது. அக்காவின் வண்டி என்றால் மட்டும் எந்த வீட்டிலும் மறுபேச்சு இருக்காது. அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவருக்கு ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அவருடைய வீட்டுக்காரருக்கு இதில் பெரிய இஷ்டம் ஒன்றும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். "ஊர்ல எவ்வளவோ பேரு கோயிலுக்குப் போறாங்க, உன்ன மாதிரி யாரும் வேன் பிடிக்கலையே" என்பாராம். அக்கா சிரித்துக்கொண்டே இதைச் சொல்வார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட நாள்.

அக்காவின் வண்டியில் ஏற நிறையச் சட்டங்கள் உண்டு. வாந்தி வரும் என்பவர்கள் அதை முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு முன்னிருக்கை. மாத்திரையை வண்டி கிளம்புவதற்கு அரை மணி முன்பே வீட்டில் போட்டுக்கொண்டு வர வேண்டும், ஏறிய பிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை. காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளிசாதம். தயிர்சாதம் கொண்டுவந்தால் பதினோரு மணிக்குள் தின்று முடிக்க வேண்டும். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போக வேண்டும், அப்போதுதான் வெளியே வந்து தேடிக்கொண்டு நிற்க மாட்டோம். வீட்டு முகவரியும் பக்கத்துக் கடையின் போன் நம்பரும் எழுதிய சீட்டு பர்ஸில் ஒன்று, பையில் ஒன்று. எல்லாத் தண்ணீர் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிறத்தில் உல்லன் நூல். நான் கேலி செய்துகொண்டே எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் இன்றுவரை எங்கே கிளம்பினாலும் அந்தச் சீட்டை இரண்டு இடத்தில் வைக்காமல் நான் வாசல் தாண்டியதில்லை.

இவற்றிலெல்லாம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். இரண்டு விஷயத்தில் மட்டும் மாட்டார். ஒன்று, ஒருவர் எண்ணை இன்னொருவர் சொல்லக்கூடாது. அம்மா மகளுக்காகக்கூடச் சொல்லக்கூடாது. "முகத்த எண்ணினா தப்பும். ஒருத்தி குனிஞ்சிருப்பா, ஒருத்தி எழுந்து நிப்பா. குரல எண்ணினா தப்பாது" என்பார். இரண்டாவது, யாராவது வண்டியைத் தவறவிட்டால் தேடி அலையக்கூடாது. "வண்டி நின்ன எடத்துலயே நில்லுங்க. ஒரு அடி நகரக்கூடாது. நான் கண்டிப்பா வருவேன்."

அந்த வருடம் ஐப்பசியில் திருவண்ணாமலைக்குப் போனோம். எனக்குப் பத்தாம் எண். என் பக்கத்தில் பதினொன்றாவதாக வந்தவர் அனகாபுத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். வீட்டில் தறி போட்டிருந்தவர்கள். கணவர் போன பிறகு மகனோடு இருந்தார். மகன் எங்கேயும் தனியாக அனுப்ப மாட்டானாம். அக்காவின் வண்டி என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் சம்மதித்தானாம். இதையெல்லாம் வழியில் அவரே சொன்னார். குரல் மிகவும் மெலிந்திருந்தது. காலையில் எண்ணும்போதும், செஞ்சியில் எண்ணும்போதும் அவர் சொன்ன "பதினொன்னு" பின்னால் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை. உதவி செய்கிற நினைப்பில் நான் அதையே உரக்கச் சொன்னேன். அக்கா கண்ணைத் திறந்தார். "நீ சொல்லாதம்மா. மெதுவா சொன்னாலும் அவங்களே சொல்லட்டும்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லது செய்யப் போனால் இப்படியா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. மாலை நாலரை இருக்கும். என் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது நடக்காது என்று தெரிந்துவிட்டது. நான் டீ கூடக் குடிக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் நனைந்துகொண்டு ஓடிவந்து ஏறினார்கள். அந்த அம்மாவின் இடம் காலியாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கடைசி நீள இருக்கையில் அவருடைய ஊதாநிறச் சால்வை போர்த்தியபடி ஒரு உருவம் சுருண்டிருந்தது. மதியத்திலிருந்தே முதுகு வலிக்கிறது, கொஞ்சம் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போய்ப் படுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கை தொடங்கியது. கூரையில் மழை அடிக்கிற சத்தம். என் முறை வந்தது. "பத்து" என்றேன். அடுத்து யாரும் சொல்லவில்லை. தூங்குகிறவரை எழுப்பி, அவர் எழுந்து உட்கார்ந்து, அந்த மெலிந்த குரலில் சொல்லி, அது அக்காவுக்குக் கேட்டு... அத்தனை பொறுமை அப்போது எனக்கு இல்லை. "பதினொன்னு" என்று நானே சொன்னேன். அவர்மேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கம் கொஞ்சம் இருந்தது உண்மைதான். அவசரம் அதைவிட அதிகம்.

அக்கா கண்ணைத் திறந்தார். "போலாங்க அண்ணா."

அரை மணி நேரம் போயிருக்கும். மதுராந்தகம் ஏரி தெரிந்தது. அக்கா ஆரஞ்சுப் பழங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே பின்னால் போனார். கடைசி இருக்கைக்குப் போய், "அம்மா, எந்திரிங்க, பழம் சாப்பிடுங்க" என்றார். அப்புறம் சால்வையை விலக்கினார். படுக்க இடம் பிடித்து அந்த அம்மா போட்டுவைத்த இரண்டு பைகளும் ஒரு தலையணையும்தான் இருந்தன. அவர் சத்தம் போடவில்லை. "அண்ணா, வண்டிய திருப்புங்க" என்றார். அது அகலப்படுத்திக்கொண்டிருந்த சாலை. திரும்ப இடம் கிடைக்கவே மூன்று கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. வண்டி திரும்பிய பிறகு அக்கா எங்களைப் பார்த்து நின்றார்.

"பதினொன்னு சொன்னது யாரு?"

யாரும் பேசவில்லை. மழைச் சத்தத்தில், முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்கும் அது யார் குரல் என்று தெரிந்திருக்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க ஒரு நொடி போதும். அந்த நொடி போய்விட்டது. அக்கா இரண்டாவது முறை கேட்கவில்லை. திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த அம்மா டீக்கடைக்கு முன்னால், வண்டி நின்ற அதே இடத்தில், மழையில் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். அங்கே வரிசை. வந்து பார்த்தால் வண்டி இல்லை. கடைக்காரர் குடையோடு பக்கத்தில் நின்றார். "உள்ள வந்து ஒக்காருங்கம்மான்னு எவ்வளவோ கூப்பிட்டேன். நகர மாட்டேங்குது. இங்கயே நிக்கச் சொல்லியிருக்காங்கன்னு சொல்லுது" என்றார். அக்கா இறங்கி ஓடி அவரைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா நடுங்கிக்கொண்டே, "நீ வருவேன்னு தெரியும்மா" என்றார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே நின்றிருக்கிறார்.

அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். நாலாம் நாள் மகன் அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். தெருவே கேட்டது. "எங்கம்மாவ ரோட்டுல மழையில நிக்க வுட்டுட்டு வந்துட்டு, உனக்கு இன்னா டூரு வேண்டிக் கீது? பதினெட்டுப் பேர எண்ணத் தெரியாதா?" அக்கா, "தப்பு என்னோடதுதாம்பா" என்றாராம். வேறு ஒரு வார்த்தை பேசவில்லையாம். அடுத்த மாதத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏதோ காரணம் சொல்லி விலகினார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏழெட்டுப் பேர் போய், மறுபடியும் ஆரம்பியுங்கள் அக்கா என்று கேட்டோம். அந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருத்தி. அவர், "வேணாம்மா, போதும்" என்றார். அவர் கணவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை நான் மாடியில் துணி காயப்போடும்போதுதான் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது பெண்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள். அவ்வளவு சட்டம் பேசியவர் எப்படிக் கோட்டை விட்டார் என்று கேட்பார்கள். "நானும் அந்த வண்டியிலதான் இருந்தேன், எப்படி ஆச்சுன்னே தெரியல" என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை அல்ல. சேலையூர்ப் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போனபோது, அந்தத் தெருவைத் தாண்டிவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது போனில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைப் புள்ளியாகவே பார்த்துக்கொள்ளலாம். பயணத்துக்கு ஒரு குழு ஆரம்பித்து, ஏறியாச்சா இறங்கியாச்சா என்று கேட்டுக்கொள்ளலாம். என் மகள் அலுவலகத் தோழிகளோடு அப்படித்தான் ஊர் சுற்றுகிறாள். அவளுடைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொள்வேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். போனதில்லை.

போன வருடம் ஒரு காலை நேரம், தாம்பரம் ரயில் நிலையத்தில் அவரே எதிரில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. செங்கல்பட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். கணவர் இறந்து மூன்று வருடமாகிறதாம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மகளைப் பற்றிக் கேட்டார், வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். நான் எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்குப் பதினொன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. கையை விலக்கிக்கொள்ளவும் இல்லை.

"பத்தும் பதினொன்னும் ஒரே குரல்ல வந்துச்சு. பத்து உன் நம்பருன்னு எனக்குத் தெரியும். மழைச் சத்தத்துலயும் அது நல்லாவே கேட்டுச்சு" என்றார். "கேட்டும் போலாம்னு சொன்னேன். எல்லாரும் நனைஞ்சிருந்தீங்க, லேட்டாயிருச்சு, வீட்ல அவரு கத்துவாருன்னு இருந்துச்சு. அப்பவே கண்ணத் திறந்து அந்த சீட்ட ஒரு தடவ பாத்திருக்கலாம். பாக்கல."

"அதனாலதான் அப்புறம் நடத்தலையா அக்கா?"

எதிர் நடைமேடையில் ஒரு மின்சார ரயில் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"வண்டியிலயே நான்தான் அக்கா சொன்னேன்னு நீ சொல்லியிருந்தா, நல்லா திட்டியிருப்பேன். ரெண்டு பேரும் அழுதிருப்போம். அடுத்த மாசம் வண்டி எடுத்திருப்பேன்" என்றார். "யாருமே சொல்லல. அப்போ தப்பு பண்ணது நான் ஒருத்திதான்னு ஆயிருச்சு. ஒருத்தியா அத வெச்சுக்கிட்டு மறுபடியும் பதினெட்டுப் பேர ஏத்திக்க எனக்குத் தைரியம் வரலம்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். செங்கல்பட்டு வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் அவரை ஏற்றிவிட்டேன். வண்டி கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பதினாறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், அப்போதும் பேசாமலேதான் நின்றேன்.