பரீட்சைக்குப் போட்ட லீவு

ஒன்பதாம் வகுப்புக்கு 'ஃப்ரீ' என்ற சொல்லைக் கொடுத்து, ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். முப்பத்தெட்டு நோட்டுகள். பறவை ஃப்ரீ, பஸ் ஃப்ரீ, ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ என்று திருத்திக்கொண்டே வந்தவள் இருபத்தாறாவது நோட்டில் நின்றுவிட்டேன். 'என் அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அவர் ஃப்ரீ' என்று ஒரு பெண் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். பிழை ஒன்றும் இல்லை. டிக் போட்டேன். தாள் கிழிந்தது.

எனக்கும் கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பத்தேழு. வரதராஜன்பேட்டையில் தனியாக இருக்கிறேன். அம்மா பெரம்பலூரில் தம்பி வீட்டில். துறைத் தேர்வில் தேறினால்தான் தலைமையாசிரியர் பட்டியலுக்கு என் பெயர் போகும். இரண்டு முறை விண்ணப்பித்தும் எழுதவில்லை. முதல் முறை தம்பி மகனுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தேன். இரண்டாம் முறை தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. அன்று சாம்பார் வாளியோடு மாடிக்கு முப்பத்தொரு தடவை ஏறினேன். டைரியில் இருக்கிறது. இரண்டு முறையும் தம்பி சொன்னது ஒரே வாக்கியம்: "நீ ஃப்ரீதானக்கா."

நோட்டு திருத்திய அன்று சாயந்திரம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை வச்சாச்சு. நீ திங்கட்கிழமையே வந்துடு."

"செவ்வாய்க்கிழமை எனக்குப் பரீட்சை. போன வாரமே சொன்னேன்ல?"

"பரீட்சை அடுத்த தடவையும் வரும். எங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ் இருக்கு."

"நான் போறது மட்டும் என்ன, சத்திரமா?"

"கோவப்படாத. இந்தா, அம்மாட்ட பேசு."

அம்மா போனை வாங்கினார். "உனக்கென்ன பாப்பா, புள்ளையா குட்டியா? கதவப் பூட்டிட்டு பஸ் ஏறினா முடிஞ்சுது."

போனை வைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து, அவசரமா, தள்ளிப் போடலாமா என்று விசாரித்தேன். எடுத்த நர்ஸ் நல்லபடியாகத்தான் பேசினார்.

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க. அடுத்த வாரம்கூட வைக்கலாம். உங்க தம்பிதான் இந்தச் செவ்வாய் வேணும்னாரு. அக்கா அன்னிக்கு லீவு போட்டிருக்காங்க, ஃப்ரீயா இருப்பாங்கன்னு சொன்னாரு."

அந்த லீவு பரீட்சைக்காகப் போட்டது. போன வாரம் நான் சொன்னதில் 'லீவு' மட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது. எனக்கென்று நான் எடுத்த ஒரே நாளைப் பார்த்து, அதன் மேல் ஆபரேஷனை வைத்திருக்கிறான். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவனுக்கு அது தோன்றவே இல்லை.

நர்ஸ் சொன்னதைத் தம்பிக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். கீழே ஒரு வரி: 'நான் வரவில்லை.'

செவ்வாய்க்கிழமை அரியலூரில் பரீட்சை எழுதினேன். ஒரு கேள்வியும் விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போனைத் திறந்தால் தம்பியின் மெசேஜ்: 'ஆபரேஷன் அடுத்த செவ்வாய்க்கு மாத்தியாச்சு. அன்னிக்கு ஃப்ரீயாக்கா?'

அடுத்த செவ்வாய் எனக்கு ஐந்து பீரியட்.

'இல்லை. நீ லீவு போடு' என்று அனுப்பிவிட்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினேன். வீடு வந்து சேரும்வரை பதில் இல்லை. அதையும் டைரியில் எழுதினேன்.