பாய்கினுக்குப் பொறுப்பேற்ற மார்வெல்லா

மார்வெல்லா ஜென்ட்ரி வாயைத் திறந்தால் எதிரணிக்காரனுக்கு வீடு போய்ச் சேரும்வரை காது அடைத்துப் போகும் என்று இண்டியானாபோலிஸில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. எங்கள் ஊர் கூடைப்பந்து அரங்கத்தில், கூடைக்கு நேர் பின்னால் அவளுடைய இருக்கை, அதற்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. அவள் புருஷன் கிளைட் உயிரோடு இருந்தவரை அது அவனுடைய இடம். அவன் போன பிறகு, "காலியா கெடந்தா எனக்குப் பார்க்க முடியல, நீ வந்து உக்காருடி" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். வாய்க்கு வாய் கொடுக்கத் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

மார்வெல்லா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று பழகிய தொண்டை அது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவாள், மற்ற நாளில் பிள்ளைகளை அதட்டுவாள், ஆட்டம் இருக்கும் நாளில் எதிரணியைக் கிழிப்பாள். எதிரணிக்காரனை யாராவது தப்பாக இடித்து, அதற்கு ஈடாக அவன் கோட்டில் தனியாக நின்று ஃப்ரீ த்ரோ எறிய வந்தால் எங்கள் கூடைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து கையை ஆட்டிக் கத்தி அவன் குறியைக் கெடுப்பது வழக்கம். அந்தக் கூட்டத்துக்கு இவள்தான் தளபதி.

கெண்ட்ரல் பாய்கின் முதல் தடவை எதிரணியோடு வந்தபோது மீசைகூட முளைக்காத பையன். ஏழடிக்கு மேல் உயரம், கூடையடியில் நின்று ஆடும் சென்டராகப் பெரிய நம்பிக்கையோடு எடுத்த ஆள். ஆனால் ஆளைப் பார்த்தால் அழகு, வேலையைப் பார்த்தால் இழவு. பந்து கையில் நிற்காது. யாருமே தடுக்காத ஃப்ரீ த்ரோகூட விழாது. எறிவதற்கு முன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பான். அதைப் பார்த்ததும் மார்வெல்லா எழுந்தாள்.

"எந்திரிடா தம்பி, ஸ்கூல் பஸ் வந்தாச்சு!"

அரங்கமே சிரித்தது. பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. மறுமுறை அவன் வந்தபோது மொத்த அரங்கமும் சேர்ந்து அதைக் கத்தியது. பிறகு மற்ற ஊர்க்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். பையன் எங்கே போனாலும் அந்த பஸ் அவனுக்கு முன்னால் போய் நின்றது. அவன் ஆட்டம் தேய்ந்துகொண்டே போயிற்று.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் அணியின் செல்ல ஆட்டக்காரன் டேரியஸ் கோலைக் கொடுத்துவிட்டு பாய்கினை வாங்கப்போகிறார்களாம்! ஊரே கொதித்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானா எவனாவது? அன்றைக்கு என் கடையில் ரேடியோவை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று அதில் மார்வெல்லாவின் குரல். நிலையத்துக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"மார்வெல்லாக்கா, நீங்களே சொல்லுங்க. பாய்கின் வேணுமா, வேணாமா?" என்றான் ரேடியோக்காரன்.

"வேணும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"என்னக்கா இது! அவன் பொழப்பைக் கெடுத்ததே நீங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன். நாம இவ்வளவு கேலி பண்ணியும் அவன் ஒருநாள் நம்மளப் பாத்து மொறைச்சதில்ல. தப்பு பண்ணாலும் எதிராளியைத் தடுக்க மொதல்ல திரும்பி ஓடுறவன் அவன்தான். நம்ம வாயை மூடுனா அவன் நிமிந்துருவான். அவனுக்கு நான் பொறுப்பு."

சாயங்காலம் கடைக்கு வந்தவளை நான் சும்மா விடவில்லை.

"பொறுப்பாம், பொறுப்பு! கோலைக் குடுத்துட்டு அந்தத் தூங்குமூஞ்சியை வாங்கறதா? உனக்கு என்னடி மூளை கழண்டுருச்சா?"

"கோலுக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. நீ என்ன, அவனைக் கல்யாணமா பண்ணிக்கப்போற?"

கடையே சிரித்தது. நான் கோபத்தில் கத்தரிக்கோலை மேசையில் வீசினேன். அவள் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்கிறவளிடம் என்ன பேசுவது?

பேரம் முடிந்தது. முதலாளிகள் ஒரு பஸ்காரியைக் கேட்டா செய்வார்கள்? ஆனால் ஊரில் எல்லோரும் அது மார்வெல்லாவின் வேலை என்றே சொன்னார்கள். இங்கேயும் தேறவில்லை என்றால் இனி எந்த அணியும் பாய்கினைத் தொடாது என்று பத்திரிகைகள் எழுதின. அவளும் படித்தாள். அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் சட்டையில் அவன் ஆடிய முதல் ஆட்டம். மார்வெல்லா வழக்கமாக வாங்கும் சாண்ட்விச்சைக்கூட வாங்கவில்லை, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் மோசமில்லை. ஓடினான், தடுத்தான். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். அவனை இடித்துத் தள்ளினார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ, அதுவும் எங்கள் கண்முன்னால் இருந்த கூடையில்.

அவன் கோட்டில் நின்று கண்ணை மூடினான்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியம். மூடிய அந்தக் கண்ணைப் பார்த்ததும் தொண்டைகள் பழக்கத்தில் தாமாகத் திறந்துகொண்டன. "எந்திரிடா தம்பி, ஸ்கூல் பஸ் வந்தாச்சு!" முன்வரிசையில் இருந்த போதகர்கூடக் கத்தினார். கத்தி முடித்த பிறகுதான், ஐயையோ, இவன் நம்ம ஆள் ஆச்சே என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. பையனின் தோள் தொங்கிப்போயிற்று. சொந்த ஊரென்று நம்பி வந்தவனுக்கு இதுவா வரவேற்பு!

மார்வெல்லாவின் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றாள். காதைக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் தெருவைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவாளே, அதேபோல உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

முதலில் எங்கள் வரிசைகள் அடங்கின. பிறகு பக்கத்தில் இருந்தவர்கள். பிறகு அந்த அமைதி ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறிக் கூரைவரை போயிற்று. அந்தக் கட்டடம் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. அத்தனை ஆயிரம் பேரை ஒரு பொம்பளை ஒற்றைக் கையால் நிறுத்த முடியுமா? நிறுத்தினாளே, அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோலையும் மறந்தேன், கோபத்தையும் மறந்தேன். வெளியே எங்கேயோ சோளப்பொரி இயந்திரம் ஓடுவது கேட்டது.

இரண்டாவது எறிக்காக மறுபடி மூடியிருந்த கண்ணைப் பாய்கின் திறந்தான். சத்தம் எங்கே போயிற்று என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தான். கூடைக்குப் பின்னால் ஒரு பருத்த பெண்ணின் முதுகு தெரிந்திருக்கும். மூச்சை இழுத்துவிட்டு எறிந்தான்.

பந்து வலையை மட்டும் உரசிக்கொண்டு விழுந்தது. சமநிலை. எதிரணிப் பயிற்சியாளர் இடைவேளை கேட்டார், விசில் ஊதினார்கள். இடைவேளையில் பாட்டுப் போடுகிறவன்கூடப் பாட்டை மறந்திருந்தான். ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் மார்வெல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து விழுந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. தூக்கிய கையைத் தூக்கியபடியே நின்றாள்.

நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"விழுந்துருச்சுடி, மார்வெல்லா. கையை எறக்கு. சனம் கத்தறதுக்குக் காத்துக்கிட்டு நிக்குது."