மூன்றாம் சுற்றிலேயே கிக்கர்

என் கணவருக்கு ஆட்டக்காரரைத் தெரிவு செய்யத் தெரியாததால்தான் வருடா வருடம் நத்தார் அன்று, கிறிஸ்மஸ் நாளில், என் குளியல் தொட்டி நிறைய ஊரார் சப்பாத்து கிடந்தது. இதைச் சொன்னால் வேலையிடத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சமைத்துப் பார்த்தால் தெரியும்.

அவருடைய சகோதரர்களும் மச்சான்மாருமாகப் பத்துப் பேர் அமெரிக்கன் ஃபுட்போலில் ஒரு ஃபான்டசி லீக் வைத்திருக்கிறார்கள். கோடை முடிகிற சமயம் ஒருவர் மாறி ஒருவராக நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவார்கள். பிறகு ஞாயிறுதோறும் அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் செய்வதெல்லாம் இவர்களுக்குப் புள்ளி. மார்கழி நடுப்பகுதியில், நத்தாருக்குப் பத்து நாள் இருக்க, யார் கடைசியோ, அவர் வீட்டில் முழுக் குடும்பத்துக்கும் நத்தார்ச் சாப்பாடு. பகிடியாகத் தொடங்கியது, இரண்டு வருடத்தில் சட்டமாகிவிட்டது. தோற்பது ஆண்கள், சமைப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீடு மொன்ட்ரியால்-நோர் பகுதியில், இரண்டாம் மாடி. வெளியே வளைந்த இரும்புப் படி. அதில் உறைந்த பனியை உடைத்து உப்புப் போடுவதிலிருந்து வேலை தொடங்கும். முப்பது பேர் வருவார்கள். ஜாக்கெட்டுகள் எங்கள் கட்டிலில் மலையாகக் கிடக்கும், சப்பாத்துகள் தொட்டிக்குள். நான் குசினியில் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் நின்று இறைச்சியைப் பிரட்டிக்கொண்டிருப்பேன். ஜன்னல்கள் ஆவியில் மூடிப்போய் வெளியே என்ன நடக்கிறதென்றே தெரியாது. மூச்சு முட்டும். யாராவது ஒருத்தி உள்ளே எட்டிப்பார்த்து, "அண்ணி, உங்கட கை பட்டால்தான் ருசி" என்பாள். அந்த நேரம் அகப்பையால் ஒன்று போடலாம் போலிருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ரொறொன்ரோவில் இருக்கும் என் அக்காவோடு ஒரு நத்தார். அத்தான் போன பிறகு அவ தனி. ஒரே மகள் லண்டனில். ஒவ்வொரு கார்த்திகையும் அக்கா தொலைபேசியில் கேட்பா: "இந்த முறை வருவியோ?" நானும் "பாப்பம் அக்கா" என்பேன். மார்கழியில் மறுபடி எடுத்து, இல்லையென்று சொல்வேன். அவ "சரி, சரி, குடும்பம்தானே முக்கியம்" என்பா. அந்த இரண்டாவது "சரி" எனக்கு நாள்முழுக்க நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கும்.

இனி என் மனுசனின் மூளையைச் சொல்கிறேன். அவர் மன்னாரில் கோயில் அணிக்குப் பந்து அடித்தவர். எங்கள் ஊர்ப் பந்து, காலால் அடிக்கிற பந்து. அந்த அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்தபோது அவருக்குப் பிடிபட்டது இரண்டு பேர்தான். ஒருவர் பந்தை எறிகிற குவார்ட்டர்பாக், அவர் கப்டன் மாதிரி. மற்றவர் கிக்கர்.

"முழு ஆட்டத்திலயும் காலைப் பாவிக்கிற ஒரே மனிசன் அவன்தானப்பா. அவனை விட்டிட்டு வேற ஆரை எடுக்கிறது?"

ஆகவே முதல் சுற்றில் குவார்ட்டர்பாக், மூன்றாம் சுற்றிலேயே கிக்கர். மற்றவர்கள் கிக்கரைக் கடைசிச் சுற்றில், போகிற போக்கில் எடுப்பார்கள். இவர் கிக்கரைச் சொன்னதும் தம்பிமார் மேசையில் அடித்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் என் நத்தார் போய்விடும்.

கடந்த வருடம் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்பு மடித்தபடி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். ராக்கெட் விஞ்ஞானமா என்ன? குவார்ட்டர்பாக் ஒவ்வொரு அணிக்கும் ஒருவர் போதும். எல்லாரும் எடுத்த பிறகும் நல்லவர்கள் மிச்சம் இருப்பார்கள். முதலாவதாக வருபவருக்கும் எட்டாவதாக வருபவருக்கும் புள்ளியில் பெரிய இடைவெளி இல்லை. பந்தோடு ஓடுகிற ரன்னிங்பாக் அப்படியல்ல. ஆளுக்கு இரண்டு பேர் வேண்டும், உருப்படியானவர்கள் கொஞ்சப்பேர், மூன்று சுற்றுக்குள் முடிந்துவிடும். ஜான்-டலோன் சந்தையில் நான் தக்காளிக்கா முதல் ஓடுகிறேன்? தக்காளி பின்னேரமும் குவிந்து கிடக்கும். சின்னக் கத்தரிக்காய் பத்து மணிக்கே போய்விடும். இவ்வளவுதான் விஷயம்.

அடுத்த தெரிவு நடந்தது பக்கத்து லவாலில், அவருடைய கடைசித் தம்பியின் வீட்டு நிலக்கீழ் அறையில். பெண்கள் மேலே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கீழே இறங்கிப்போய் என் மனுசனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டேன்.

"ஐயோ, அண்ணி வந்திட்டா! அண்ணை, இனி உங்களுக்குக் கதையில்லை" என்றான் கடைசித் தம்பி.

"நீர் உம்மட லப்டொப்பைப் பாரும் தம்பி."

முதல் சுற்றில் ஒரு ரன்னிங்பாக் எடுத்தோம். இரண்டாம் சுற்றிலும் இன்னொருவர். கடைசித் தம்பி கண் வைத்திருந்த ஆள் அது, வாயைப் பிளந்தான். மூன்றாம் சுற்றில் என் மனுசனின் விரல் பழக்கதோஷத்தில் கிக்கர்ப் பக்கம் போனது.

"கையை எடுங்கோ!"

"இல்லையப்பா, இவன் நல்ல..."

"கையை எடுங்கோ எண்டு சொன்னனான்!"

அவர் கையை எடுத்தார். குவார்ட்டர்பாக்கை ஒன்பதாம் சுற்றில் எடுத்தோம், கிக்கரைக் கடைசிக்கு விட்டோம்.

அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஆசை காட்டி ஏமாற்றப் பயமாயிருந்தது. நிச்சயமானதும் சொல்லுவோம், அசந்து போவா என்று நினைத்திருந்தேன். அந்தக் கார்த்திகையில் அவவும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போச்சு என்றுதான் எனக்குப் பட்டது.

நேராய் ஓடவில்லை எதுவும். எங்கள் ஓட்டக்காரர் ஒருவருக்கு ஐப்பசியிலேயே முழங்கால் போய்விட்டது. வாரம் வாரம் நான் பிடித்துக்கொண்டிருந்த செபமாலையைப் பார்த்து, இது பாவமில்லையா என்று மனுசன் கேட்டார். கடைசி ஞாயிறு வந்தபோது கடைசி இடத்துக்குப் போட்டி எங்களுக்கும் கடைசித் தம்பிக்கும்தான். பின்னேரம் ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் கிக்கர், அந்தக் கடைசிச் சுற்றுக் கிக்கர், தூரத்திலிருந்து ஒரு பந்தை உதைத்தான். அது கம்பங்களுக்கு நடுவில் போனது. தப்பிவிட்டோம்.

"பாத்தீரே! காலாலதான்! காலாலதான் வெண்டது!" என்று மனுசன் சோபாவில் ஏறிக் குதித்தார். நானும் கத்தினேன். கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியால் கூரையில் இடித்தா.

உடனே அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, நத்தாருக்கு நான் வாறன்!"

அக்கா மெதுவாகச் சொன்னா: "நான் வாற சனிக்கிழமை லண்டனுக்குப் போறனடி. மகள் டிக்கெட் போட்டுத் தந்திட்டாள். நீ எப்பிடியும் வரமாட்டாய் எண்டு நினைச்சிட்டன்."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ சங்கடப்படுவாய். நெடுக 'இல்லை' சொல்ல உனக்கும் கஷ்டம்தானே."

அந்தச் சட்டம், மனுசன், தம்பிமார், கிக்கர் என்று இத்தனை வருடக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குசினியை விட்டு வெளியே வர முடியாமல் நான் பட்ட பாட்டை எல்லாம் சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தா. சிரித்துக்கொண்டே கேட்டா: "ஏனடி, உங்கட பக்கத்திலயிருந்து பஸ் நத்தாருக்கு மட்டும்தான் ஓடுமோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே இருந்து அழுதேன். ஆனியில் வந்திருக்கலாம். ஈஸ்டருக்கு வந்திருக்கலாம். சும்மா ஒரு வெள்ளிக்கிழமை வந்திருக்கலாம். கதவைப் பூட்டியது அவர்கள்தான், ஆனால் நான் ஒரு நாளும் பிடியைத் திருகிப் பார்க்கவில்லை.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து புதன்கிழமை காலை பஸ்ஸில் ஓர் இடம் பிடித்தேன். வேலையிடத்துக்கு வரமாட்டேன் என்று செய்தி அனுப்பினேன். மனுசன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ சனிக்கிழமை போறாவெல்லோ? இப்ப போய் என்ன செய்யப்போறீர்?"

"அக்காவுக்குப் பெட்டி அடுக்கிக் குடுக்கப்போறன்" என்றேன்.